தானாக நிற்கும் சுவெற்றர்

தம்பி,

உன்னுடைய சுவெற்றர் எங்கள் சமையலறை மேசையில் தானாக நிற்கிறது. மடித்து வைக்கவில்லை, எதிலும் சாய்த்து வைக்கவில்லை, உள்ளே தலையணை திணிக்கவுமில்லை. கீழ்விளிம்பை மேசையில் ஊன்றி, தோள்களை நிமிர்த்தி, கைகளைச் சற்று விரித்துக்கொண்டு, தலையில்லாத ஒரு மனிதர் தேநீருக்குக் காத்திருப்பதுபோல நிற்கிறது. வேலை முடிந்து வந்த உன் அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். நான் ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்து அதன் நெஞ்சில் ஊற்றிக் காட்டினேன். தண்ணீர் மணிமணியாக உருண்டு மேசையில் விழுந்து, அங்கிருந்து அப்பாவின் சப்பாத்துக்குள் போனது. சுவெற்றருக்குள் ஒரு துளியும் போகவில்லை. நாற்பத்தேழு வயதில் சமையலறையில் துள்ளிக் குதிப்பேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் முகட்டில் இடித்தாள். அதற்காக இன்னொரு முறை குதித்தேன்.

வரும் திங்கட்கிழமை நீ பெரிய கப்பலில் நோர்வேப் பக்கம் போகிறாய். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், கரை இல்லை. இந்தப் பொதி நாளை கெல்சென்கிர்ச்சனிலிருந்து புறப்பட்டால் சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். சுவெற்றருக்கு மேலே இந்தக் கடிதத்தை வைக்கிறேன். முதலில் இதைப் படி, பிறகு அதைப் போட்டுப் பார். இதன் ஒரு பிரதி நம் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்கும் போகிறது. மகனுக்கு எழுதுவதை ஏன் ஊருக்கும் காட்டுகிறாள் என்று நீ நினைக்கலாம். நான் சொன்ன பொய்கள் இரண்டு. ஒன்று உன்னைப் பற்றி ஊருக்குச் சொன்னது. மற்றது அதைவிடப் பழையது, அதை உனக்கும் சொல்லியிருக்கிறேன். ஊர் முன்னால் சொன்னதை ஊர் முன்னால்தான் திருத்த வேண்டும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

போன மாதம் மலரைத் தொகுக்கும் அண்ணை தொலைபேசி எடுத்தார். எங்கள் பிள்ளைகள் இந்த ஜேர்மனியில் எட்டிப் பிடித்த உயரங்கள் பற்றிச் சில பக்கங்கள் போடப்போவதாகச் சொன்னார். ஒரு டொக்டர் பிள்ளை, ஒரு சட்டத்தரணிப் பிள்ளை, விமானம் ஓட்டுகிற ஒரு பிள்ளை எல்லாம் கிடைத்துவிட்டார்களாம். “உங்கட மகன் கடல் விஞ்ஞானியெல்லோ அக்கா, அவரைப் பற்றி நீங்களே ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ” என்றார். நான் “ஓம்” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. மூன்று வருடமாகப் பழகிய வாய்.

உன்னைக் கடல் விஞ்ஞானி ஆக்கியது நான்தான். எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல. அபிட்டூர் என்கிற உயர்தரப் பரீட்சை முடிவு வந்த கிழமை, இதே மேசையில், நீ ஒரு கடிதத்தை என் பக்கம் தள்ளினாய். வடகடல் கரையில் ஒரு சின்னத் துறைமுகத்தில், இறால் பிடிக்கிற படகொன்றில், மூன்று வருட அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி. நல்ல புள்ளி எடுத்த பிள்ளை, எந்தப் படிப்புக்கும் விண்ணப்பிக்கக்கூடிய பிள்ளை, மீன்பிடிக்கப் பழகப் போகிறேன் என்கிறது. நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. நாலு சனம் கேட்டால் நான் என்ன சொல்வது என்றேன். “மீன் பிடிக்கிறான் எண்டு சொல்லுங்கோ, அம்மா” என்றாய் நீ. அதில் கேலி இல்லை. அவ்வளவு இலகுவான ஒரு வசனம் இருக்கும்போது இவ ஏன் தடுமாறுகிறா என்ற ஆச்சரியம்தான் உன் முகத்தில் இருந்தது.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவள். மீனை வெட்டி, படம் கீறி, ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் எழுதலாம், அதற்குப் பட்டம் தருவார்கள். அதே மீனைக் கடலில் இறங்கிப் பிடித்தால் அது வேறு கதை. இந்தப் பைத்தியக்கார வேறுபாட்டை எந்த வகுப்பிலும் எனக்குக் கற்பிக்கவில்லை, ஆனாலும் என் எலும்புக்குள் அது இருந்தது. நீ ஆறாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலா போய்க் கடற்கரையிலிருந்து வந்தபோது உன் ஜாக்கெற் முழுக்க மீன் மணம். படகில் ஏற்றினார்களாம், படகு ஆடிய ஆட்டத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் சத்தி எடுக்க நீ மட்டும் வலை இழுக்க உதவினாயாம். கதை முடிவதற்குள் நான் ஜாக்கெற்றைக் கழற்றித் தோய்க்கப் போட்டேன். மணம் போகவில்லை என்று இன்னொரு தரமும் தோய்த்தேன். நீ மெஷினுக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அது சுற்றுவதைப் பார்த்தாய். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

நீ போய்விட்டாய். நான் நாலு மாதம் உன்னோடு சரியாகக் கதைக்கவில்லை. அப்பா தொலைபேசியில் உன்னோடு கதைக்கும்போது பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கூட்டிக்கொண்டு நின்றேன். வேலை செய்கிற மருந்துக்கடையிலும், தமிழ்ப் பள்ளியிலும், கோயிலிலும் யாராவது உன்னைக் கேட்டால், வடக்கே கடல் சம்பந்தமாகப் படிக்கிறான் என்றேன். முதலில் அவ்வளவுதான். அது முழுப் பொய்யும் அல்ல என்று என்னையே சமாதானப்படுத்தினேன். கேட்டவர்கள் மிச்சத்தைத் தாங்களே கட்டினார்கள், நான் மறுக்கவில்லை. ஒரு வருடத்தில் நீ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாய். இரண்டாம் வருடம் உனக்கு ஒரு பேராசிரியரும் கிடைத்திருந்தார்.

பிறகு ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர். அன்று நீ லீவு எடுத்து வந்திருந்தாய். வேட்டி கட்டி, தோளில் சால்வையோடு, வடம் இழுத்து முடித்துவிட்டு வாய்க்கால் கரையில் எங்களோடு நின்றாய். வடம் இழுத்த மற்றப் பிள்ளைகள் கை எரிகிறது என்று ஊதிக்கொண்டு நிற்க, உன் உள்ளங்கை காய்த்துப்போய் ஒன்றும் ஆகாமல் இருந்தது. அப்போதுதான் சாந்தி அன்ரி வந்தா. தன் மகளும் கடல் உயிரியல் படிக்க ஆசைப்படுகிறாளாம், எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, வேலை வாய்ப்பு எப்படி என்று உன்னிடம் கேட்டா. நான் உன் முகத்தைப் பார்க்காமல் சர்பத் கோப்பைக்குள் பார்த்தேன். நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய் என்பது மட்டும் தெரிந்தது. பிறகு மெதுவாக, கடலில் நிறைய நேரம் நிற்க வேண்டி வரும், குளிர் தாங்க வேணும், அதுக்குச் சம்மதம் எண்டால் வரச் சொல்லுங்கோ அன்ரி, என்றாய். ஒரு சொல்லும் பொய் இல்லை. என்னையும் காட்டிக் கொடுக்கவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்தியபின் கேட்டாய், “நான் சொன்னது போதுமோ, அம்மா?”

தம்பி, அந்தக் கேள்வியை உனக்கு முன்பே இன்னொருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அதுதான் இரண்டாவது பொய், மூத்த பொய்.

உன் அம்மப்பா, என் அப்பா, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். போரில் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் எட்டு மாதம் அவர் ஒரு சங்கக் கடையில் அரிசி மூட்டைக்குக் காவல் இருந்தார், அது உண்மை. அந்த எட்டு மாதத்தை இழுத்து அவருடைய முழு வாழ்க்கையாக நீட்டியவள் நான். மகாலிங்கம் என்கிற உன் அம்மப்பா மயிலிட்டியில் கடலுக்குப் போனவர். அவருடைய அப்பாவும் கடலுக்குப் போனவர். நான் பள்ளிக்கூடம் போனது அந்த மீனில், பிறகு பட்டம் பெற்றதும் ஒருவகையில் அந்த மீனில்தான். எங்கள் ஆக்கள் சாதி என்ற சொல்லை இந்த நாட்டில் உரத்துச் சொல்வதில்லை. கலியாணப் பேச்சு வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி “என்ன ஆக்கள்?” என்று கேட்பார்கள். அப்பாவின் குடும்பத்தோடு எனக்குச் சம்பந்தம் பேசிய மாமா, சங்கத்து உத்தியோகம் என்று சொல்லிவைத்தார். நான் மாமாவைத் திருத்தவில்லை.

இங்கிருந்து அப்பாவின் பெரியப்பா ஒருநாள் நாங்கள் இடம்பெயர்ந்திருந்த ஊரின் தொலைபேசிக் கடைக்கு அழைப்பெடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஐயா என்ன உத்தியோகம் என்று அந்தப் பக்கத்தில் கேட்டது எனக்கே கேட்டது. உன் அம்மப்பா கொஞ்சம் இருமினார். பிறகு சங்கத்தில் என்றார், இப்போது ஓய்வு என்றார். யாருக்கும் கை கட்டி நிற்காத மனிதர், முப்பது வருடம் கடலுக்குப் போய் வந்தவர், ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று தன்னைக் காவற்காரன் ஆக்கிக்கொண்டார். ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “சரிதானே, பிள்ளை?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய பிழை அந்தத் தலையாட்டல். உனக்கு நான் தருகிற புத்திமதி ஒன்றே ஒன்றென்றால் அது இதுதான்: உனக்காக ஒருவர் தன்னைக் குறைத்துச் சொன்னால் தலையாட்டாதே. அந்த இடத்திலேயே மறுத்துவிடு. பிறகு மறுப்பதற்கு அவர் இருக்கமாட்டார். நான் ஜேர்மனிக்கு வந்து மூன்றாம் வருடம் அவர் இறந்துபோனார்.

ஊன்ட்றொப்பிலிருந்து வந்த அடுத்த மாதம்தான் நான் முதல்முறை உன் துறைமுகத்துக்கு வந்தேன், நினைவிருக்கிறதா? மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன், ஆனால் இடியப்பமும் சம்பலும் தந்துவிட்டுச் சும்மா நின்றேன். நீ படகிலிருந்து இறங்கி வந்தாய். கடையில் வாங்கிய சுவெற்றர் நனைந்து ஈரச் சாக்குப்போலத் தொங்கியது. கழுத்தில் உப்பும் குளிரும் உரசிச் சிவந்து தோல் உரிந்திருந்தது. உனக்குப் பின்னால் இறங்கிய உன் கப்டனோ, கருநீலத்தில் ஒரு பழைய சுவெற்றர் போட்டிருந்தார். அது உடம்போடு ஒட்டி, சுருக்கம் இல்லாமல், தோல்போல இருந்தது. அதன்மேல் நின்ற கடல்நீரை அவர் கையால் தட்டிவிட்டார், அவ்வளவுதான். நான் வணக்கம் சொல்வதற்கு முதல் அவருடைய கைவிளிம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். மனிதர் பயந்துபோனார். நீ வெட்கத்தில் செத்தாய்.

அவருடைய மனைவி ஆன்ட்யே எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து எல்லாம் சொன்னா. அந்தச் சுவெற்றருக்குத் தையல் இல்லை. ஐந்து நீளக் கம்பிகளில் வட்டமாகச் சுற்றிச் சுற்றி உடம்பைப் பின்னுவார்கள். கைகளைத் தோளில் தொடங்கிக் கீழே மணிக்கட்டுக்குப் பின்னுவார்கள். ஏனென்றால் முதலில் தேய்வது மணிக்கட்டுத்தான். தேய்ந்தால் கீழிருந்து அவிழ்த்து, நல்ல இடம் வரும் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பப் பின்னலாம். நூல் மெல்லியதாக, ஆனால் முறுக்கேறியதாக இருக்க வேண்டும். பின்னல் தண்ணீர் புகாத அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். கப்டனின் தாய் பின்னிய சுவெற்றர்களை மேசையில் வைத்தால் தானாக நிற்குமாம், நிற்காததை அவ அவிழ்த்துவிடுவாவாம். எனக்கும் ஒன்று பின்ன ஏலுமோ என்று கேட்டேன். ஆன்ட்யே என் கைகளைப் பார்த்து, முதல் வருடம் ஏலாது என்றா. சரியாகத்தான் சொன்னா.

அணைக்கட்டில் மேயும் செம்மறிகளின் மயிர் மூன்று சாக்கு வாங்கி ரயிலில் கொண்டுவந்தேன். பெட்டியில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்காமல், கசக்காமல், ஊறவைத்து எடுத்தேன். கசக்கினால் மயிர் கம்பளமாகிவிடும், கொழுப்பு முழுக்கப் போனால் தண்ணீர் புகுந்துவிடும். அப்பா ஒரு கிழமை வேலையிடத்தில் குளித்தார். பழைய இராட்டை ஒன்றை விளம்பரத்தில் பார்த்து வாங்கினேன், காலால் மிதிக்கிறது. சனிக்கிழமை பின்னேரங்களில் இங்கே ஒரு மண்டபத்தில் நூல் நூற்கிற பெண்கள் கூடுவார்கள், அங்கே போய்ச் சேர்ந்தேன். கம்பிப் பற்கள் வைத்த சீப்பால் மயிரை ஒரே பக்கம் வாரி, நீள இழையை மட்டும் எடுத்து நூற்கப் பழகினேன். என் முதல் நூல் பஞ்சுபோல இருந்தது. எல்லாரும் மெத்தென்று இருக்கிறது என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். நானும் மயங்கிப்போனேன். என் பிள்ளைக்குக் குத்தக் கூடாது, உறுத்தக் கூடாது என்று இன்னும் முறுக்கைக் குறைத்தேன்.

ஏழு மாதம் பின்னிய அந்த முதல் சுவெற்றரை நீ பார்க்கவில்லை. தோய்த்துக் காயப்போட்டதும் அது நீண்டது. காயக் காய இன்னும் நீண்டது. அப்பா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். முழங்காலுக்குக் கீழே வந்தது. இனி வேட்டி தேவையில்லை, கோயிலுக்கு இப்படியே போகலாம் என்றார். நான் சிரிக்கவில்லை. மேசையில் வைத்துப் பார்த்தேன். அது ஒரு பெருமூச்சு விட்டதுபோலப் படுத்துவிட்டது. உனக்கு வலிக்கக் கூடாது என்று நான் செய்த எல்லாமே இப்படித்தான் இருந்திருக்கிறது என்று அப்போது தோன்றியது. கடலுக்குப் போகிற பிள்ளைக்குத் தலையணை பின்னியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் இராட்டைக்கு முன்னால் உட்கார்ந்தேன். கை தானாக வேறுவிதமாக வேலை செய்யத் தொடங்கியது. இழையை இழுத்து, சிறுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, தொய்யவிட்டு, அது தன்மேல் தானே முறுகித் திரும்புகிறதா என்று பார்த்தேன். போதாது. இன்னும் மிதித்தேன். திரும்பப் பார்த்தேன். அப்படி நூற்ற ஐந்து இழைகளைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கி, நனைத்து, பாரம் கட்டித் தொங்கவிட்டேன். பக்கத்தில் இருந்த ரெனாற்றே தன் இராட்டையை நிறுத்திவிட்டு, இதை எங்கே பழகினாய் என்று கேட்டா. பள்ளிக்கூடத்தில் என்றேன். அந்தப் பொய்யும் சட்டென்று வந்தது. ஆனால் எனக்குத் தெரியும் எங்கே என்று. வலையின் மேற்கயிற்றுக்கு இழை முறுக்கும்போது ஒரு முனையை உன் அம்மப்பா பிடிப்பார், மறு முனையை நான் பிடிப்பேன். தொய்யவிட்டுப் பார், தன்மேல் திரும்பினால்தான் கடலுக்குத் தகும் என்பார். பத்து வயதில் நான் வலையூசி பிடித்துக் கண்ணி போடுவேன், கிழிந்த வலை பொத்துவேன். எல்லாக் கண்ணியும் ஒரே அளவாக, ஒரே இறுக்கமாக வரும். முப்பது வருடத்துக்கு மேலாகச் சட்டைப் பைக்குள் வைத்திருந்த கைகளை அன்றுதான் வெளியே எடுத்தேன்.

அதன்பிறகு என்னை யாரும் நிறுத்தவில்லை. சைக்கிள் ஸ்போக் மொத்தமான ஐந்து கம்பி. ஒரு சுற்றுக்கு முந்நூற்று நாற்பது கண்ணி. நெஞ்சு வரைக்கும் வெறும் பின்னல், நெஞ்சிலிருந்து மேலே கோலம். வலைக் கண்ணிபோல வரிசை வரிசையாகச் சாய்சதுரம், அதை ஆன்ட்யேயிடம் கேட்காமலே போட்டேன். பிறகு அது அந்தக் கரையிலும் உள்ள பழைய கோலம்தான் என்று அவ சொன்னபோது எனக்கு ஆச்சரியமில்லை. வலை எங்கேயும் வலைதானே. அக்குளில் ஒரு சாய்சதுரத் துண்டு சேர்த்திருக்கிறேன், கையை உயர்த்தி இழுக்கும்போது உடம்பு மேலே ஏறாது. மருந்துக்கடையின் மதிய இடைவேளையிலும், ரயிலிலும், பல்லு வைத்தியரிடம் காத்திருந்தபோதும் பின்னினேன். வைத்தியர் கூப்பிட்டபோது ஒரு சுற்று முடியட்டும் என்றேன்.

அப்பாவிடம் சொல்வதுதான் மிச்சம் இருந்தது. இருபத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்த மனிதர். போன ஞாயிற்றுக்கிழமை மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவரிடம், என் அப்பா சங்கத்தில் வேலை பார்க்கவில்லை, கடலுக்குப் போனவர் என்றேன். வெட்டுவதை நிறுத்தாமல், “எனக்குத் தெரியும்” என்றார். எப்படி என்று கேட்டேன். நீ சின்னப் பிள்ளையாக உதைபந்தாட்டம் விளையாடிய காலத்தில், மைதானத்தில் கோல் வலை கிழிந்திருந்ததாம். பெற்றோர்கள் எல்லாரும் சுற்றி நின்று யோசித்துக்கொண்டிருக்க, நான் போய்ப் பத்து நிமிடத்தில் பொத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்தேனாம். எனக்கு அது நினைவே இல்லை. “சங்கத்து மனுசன்ர மகள் அப்பிடி முடிச்சுப் போடமாட்டாள்” என்றார் அப்பா. பிறகு ஏன் ஒரு நாளும் கேட்கவில்லை என்றேன். நீரே சொல்லுவீர் எண்டு பார்த்தன், கொஞ்சம் பிந்திப்போச்சு, என்றார். பிறகு கத்தரிக்காய் போதுமா என்று கேட்டார். நான் அழுதேன், சிரித்தேன், கத்தரிக்காய் போதாது என்றேன்.

கீழ்விளிம்புக்கு மேலே உள்ள எழுத்துகளைத் தடவிப் பார். அந்தக் கரையில் சுவெற்றருக்குச் சொந்தக்காரனின் எழுத்தைப் பின்னுவது வழக்கம். கடலில் இறந்தவர்களை அடையாளம் காணத்தான் என்று ஆட்கள் கதை சொல்வார்கள். அது உல்லாசப் பயணிகளுக்குச் சொல்கிற கதை, கொடியில் காயும்போது ஒருவருடையதை மற்றவர் எடுத்துப் போகாமல் இருக்கத்தான் என்று ஆன்ட்யே சொன்னா. எனக்கு அதுதான் பிடித்தது. உனக்கு முதல் எழுத்து ப. நல்ல எழுத்து, நேர்கோடுகள், பின்ன இலகு. அதற்கு முன்னால் வர வேண்டியது அப்பாவின் எழுத்து. அப்பாவிடம் கேட்டேன். “என்ர பேர் அவன்ர பாஸ்போட்டில இருக்கு. கடலுக்கு மாமான்ர பேர் போகட்டும்” என்றார். ஆகவே உன் அம்மப்பாவின் ம. அதன் வளைவை மட்டும் நேர்கோடாக்கிப் பின்னினேன். அந்த எழுத்தைப் பின்னிய பின்னேரம் முழுக்க எனக்குள் ஏதோ பாடிக்கொண்டே இருந்தது. அவர் தன் கடலை விட்டு வந்தபின் திரும்ப அதில் இறங்கக் கிடைக்கவில்லை. இப்போது வேறொரு கடலில், அவருடைய பேரனின் இடுப்பில், அவர் வேலைக்குப் போகிறார்.

ஊருக்கு எழுதவா என்று உன்னிடம் நேற்றுத் தொலைபேசியில் கேட்டேன், நீ மீன் பிடிக்கிறாய் என்று எழுதவா என்று. “மூண்டு வருஷமாப் பிடிக்கிறன், இப்பதான் கேக்கிறீங்களோ?” என்று சிரித்தாய். அம்மப்பாவைப் பற்றி அப்போது சொல்லவில்லை. தொலைபேசியில் சொல்லப்பட்ட பொய் அது, தொலைபேசியிலேயே திருத்த மனம் வரவில்லை. சாந்தி அன்ரியிடமும் நேரே போய்ச் சொல்லிவிட்டேன். அவ முழுவதையும் கேட்டா. பிறகு, அப்ப என்ர பிள்ளைக்குக் கப்பலில ஒருநாள் இடம் எடுத்துக் குடுப்பாரோ என்று கேட்டா. விஞ்ஞானியிடம் கேட்டதைவிட நல்ல கேள்வி. பதில் நீயே சொல்.

எல்லாரும் அப்படி இருக்கமாட்டார்கள். சிலர் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மலரை மூடுவார்கள். கலியாணப் பேச்சு வருகிற காலத்தில் உனக்கும் இது ஒரு கதையாக வரலாம். வந்தால் வரட்டும். என்ன ஆக்கள் என்று கேட்டால், கடல் ஆக்கள் என்று சொல். குரலைத் தாழ்த்தாதே. அதற்குப் பிறகும் நிற்கிறவர்களோடு இரு. நிற்காத சுவெற்றரை அவிழ்ப்பதுபோல, நிற்காத சம்பந்தத்தையும் விட்டுவிடலாம், நூல் வீணாகாது.

இனிச் சுவெற்றர். முதல் நாள் கழுத்தில் உறுத்தும். பொறுத்துக்கொள், ஒரு கிழமையில் உன் உடம்பைப் பழகிவிடும். நனைந்தால் பிழியாதே, உதறிப் போடு. சூடான இயந்திரத்தில் காயவைத்தாயானால் ஒரு பொம்மைக்குத்தான் போடலாம், பிறகு என் முகத்தில் முழிக்காதே. மணிக்கட்டும் முழங்கையும் தேய்ந்தால் வெட்கப்படாமல் அனுப்பு. தேய்ந்த இடம் வரைக்கும் அவிழ்த்து, நல்ல கண்ணியைப் பிடித்து, அங்கிருந்து பின்னித் தருவேன். அதே ஆட்டு மயிரில் இன்னும் ஒரு சாக்கு மிச்சம் இருக்கிறது, அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

சற்று முன் மலர் அண்ணைக்கு இதுவரை எழுதியதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். “அக்கா, யோசிச்சுத்தானே எழுதினீங்கள்?” என்று கேட்டார். நூற்று, முறுக்கி, பின்னி, தண்ணி ஊத்தியும் பார்த்திட்டன், என்றேன். அப்படியென்றால் ஒரு எழுத்தும் வெட்டாமல் போடுகிறேன் என்றார். பிறகு, கீழே என்ன பெயர் போடுவது என்று கேட்டார். வழக்கமாக அப்பாவின் பெயருக்கு முன்னால் திருமதி என்று போடுவார்கள். இந்த முறை வேண்டாம் என்றேன். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார், எழுதியதைத் திரும்ப வாசித்தும் காட்டினார். அவருடைய குரலில் கேட்கும்போது அது இன்னும் நன்றாக இருந்தது.

மயிலிட்டிக் கடற்றொழிலாளி மகாலிங்கத்தின் மகள்,
உன் அம்மா.